மேகம் மூடிய நட்சத்திரமும் தொடர்கதையான கவிதாவும்

மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் அறுபதைத் தாண்டியவர்களிடம் 'அவள் ஒரு தொடர்கதை' என்று பெயரைச் சொன்னால் போதும், மீதிக் கதையை அவர்களே சொல்லிவிடுவார்கள். 1974-ல் கே. பாலசந்தர் இயக்கிய படம். கவிதாவாக வந்த சுஜாதாவுக்குத் தமிழில் அதுதான் முதல் படம். தமிழ்ப் படம் பார்க்க வேண்டுமென்றால் மாட்டுங்கா அரோரா தியேட்டருக்குப் போக வேண்டும் என்றிருந்த காலம் அது. அந்தக் கவிதாவை மறக்காத நம்மவர்களில் எத்தனை பேருக்கு நீத்தாவைத் தெரியும்? ரித்விக் கட்டக் 1960-ல் வங்காளத்தில் எடுத்த 'மேகே டாக்கா தாரா' படத்தின் நாயகி அவள். படத்தின் பெயருக்கு 'மேகம் மூடிய நட்சத்திரம்' என்று பொருள். கவிதா இவளுடைய சாயலில் பிறந்தவள் என்று சினிமா விமர்சகர்கள் பலரும் எழுதியிருக்கிறார்கள்.

யார் யாரைப் பார்த்து எடுத்தார்கள் என்கிற பஞ்சாயத்து இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். ஒரு மொழிக் கதை இன்னொரு மொழிக்குப் போவது காலங்காலமாக நடப்பதுதான். கம்பனே அப்படித்தான் எடுத்துக்கொண்டான். நான் கேட்பது வேறு. கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வந்த வழியில் அந்தக் கதை எதைத் தொலைத்தது? அது தொலைந்ததால் கதையின் அர்த்தம் எப்படி மாறிப்போனது?

முதலில் நீத்தா. கல்கத்தா ஓரத்தில் ஓர் அகதிக் காலனி, மூங்கில் தட்டி வீடு. அப்பா பள்ளி ஆசிரியர். அண்ணன் சங்கர் சம்பாதிக்காமல் பாட்டுச் சாதகம் செய்துகொண்டிருக்கிறான். தங்கை கீத்தா, தம்பி மண்ட்டு. கையில் பணம் வந்த அன்றே தங்கைக்குப் புடவை, தம்பிக்குப் பந்து விளையாட ஷூ என்று எல்லாம் பங்குபோய்விடும். இவளுடைய செருப்பின் வார் அறுந்தது அறுந்தபடியே கிடக்கும். படிப்பை விடுகிறாள், வேலைக்குப் போகிறாள். அவள் காத்திருந்த சனத், தங்கையைக் கல்யாணம் செய்துகொள்கிறான். அம்மா அதற்கு இடம் கொடுக்கிறாள். சம்பாதிக்கிற பெண் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டால் உலை எப்படிக் கொதிக்கும்? கடைசியில் நீத்தாவுக்குக் காசநோய். ஷில்லாங் மலையில் ஒரு சானடோரியத்தில், தான் வாழ ஆசைப்பட்டதாக அண்ணனைக் கட்டிக்கொண்டு அவள் கதறுவதை மலைகள் எதிரொலிக்கின்றன.

இதில் பிரிவினை எங்கே வருகிறது என்று கேட்கலாம். அதைப் பற்றிப் படத்தில் யாரும் பிரசங்கம் செய்வதில்லை. ஆனால் அந்த மூங்கில் தட்டியை எடுத்துவிட்டால் கதையே நிற்காது. இதை விளங்கிக்கொள்ள வங்காளத்தின் பிரிவினை பஞ்சாபின் பிரிவினையிலிருந்து எப்படி வேறுபட்டது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். பஞ்சாபில் 1947-ல் சில மாதங்களுக்குள்ளேயே இரு பக்கமும் ஜனங்கள் பெரும்பாலும் இடம் மாறி முடித்துவிட்டார்கள். வங்காளத்தில் அது முடியவே இல்லை. 1947-ல் ஓர் அலை, 1950 கலவரத்துக்குப் பிறகு இன்னொன்று, 1964-ல் ஒன்று, 1971 போரின்போது ஏறக்குறைய 1 கோடிப் பேர். 1950 ஏப்ரலில் நேருவும் லியாகத் அலிகானும் செய்துகொண்ட ஒப்பந்தம், ஓடிவந்தவர்கள் ஊர் திரும்பித் தங்கள் சொத்தை மீட்டுக்கொள்வார்கள் என்கிற நம்பிக்கையில் எழுதப்பட்டது. மேற்குப் பாகிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்கு விட்டுவந்த சொத்துக்கு ஈடு கொடுக்க 1954-ல் சட்டம் வந்தது. கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கு அது பொருந்தவில்லை. சியால்தா ஸ்டேஷன் நடைமேடையிலும் முகாம்களிலும் கிடந்தார்கள். முடிந்தவர்கள் ஜாதவ்பூர் பக்கம் காலி மனைகளைப் பிடித்து இரவோடிரவாகக் குடிசை போட்டார்கள். 1958-க்குப் பிறகு ஏராளமானவர்களைத் தண்டகாரண்யக் காட்டுக்கு அனுப்பினார்கள். ஆற்றையும் வயலையுமே பார்த்துப் பழகிய ஜனங்களைக் கல்லும் கரடுமான நிலத்துக்கு!

டாக்காவில் பிறந்த கட்டக் இதையெல்லாம் கண்ணால் கண்டவர். அவர் காட்டுகிற வீட்டில் ஒருவர்கூடக் கொடியவர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அம்மா அடிப்படையில் கெட்டவள் அல்ல, பசி அவளை அப்படி ஆக்கியது. அப்பா படித்தவர், கவிதை ரசிப்பவர், ஆனால் காலொடிந்த குதிரைபோல ஆகிவிட்டார். மகளுக்குக் காசநோய் என்று தெரிந்ததும் அந்தக் கிழவர் விரலை நீட்டி, நான் குற்றம் சாட்டுகிறேன் என்கிறார். யாரை என்று கேட்டால், யாரையும் இல்லை என்று விரல் தாழ்ந்துவிடுகிறது. படத்தின் உயிர்நிலை இந்த இடம்தான் என்பது என் கருத்து. அந்த விரலுக்கு எதிரே வீட்டு மனிதர் யாரும் இல்லை. கோடு கிழித்தவர்கள் எங்கோ இருக்கிறார்கள், அவர்கள் பெயர்கூட இந்த வாத்தியாருக்கு நினைவில்லை.

இப்போது கவிதாவின் வீட்டுக்கு வருவோம். இங்கே விரலுக்கு எதிரே ஆள் தயாராக இருக்கிறார். அப்பா குடும்பத்தை அம்போ என்று விட்டுவிட்டுச் சாமியாராகப் போய்விட்டார். அண்ணன் மூர்த்தி குடிகாரன், பொறுப்பில்லாதவன். விதவைத் தங்கை, பார்வையற்ற தம்பி, அண்ணி, குழந்தைகள் எல்லோருக்கும் சேர்த்துக் கவிதாவின் ஒரே சம்பளம். பாலசந்தரின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏ.ஜி. ஆபீசில் வேலை பார்த்தவர், ஆபீஸ் போகிற பெண்ணின் நடையும் நாக்கும் அவருக்கு அத்துப்படி. நீத்தா வாய் பேசாமல் உருகுகிறாள். கவிதா சுள்ளென்று திருப்பிக் கொடுக்கிறாள். தமிழ் சினிமாவில் அப்படிப் பேசிய சம்பாதிக்கும் பெண் அதற்கு முன் அபூர்வம். அந்த அளவில் இது மூலத்தைவிட ஒரு படி மேலே என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் காரணம் இடம் மாறிவிட்டது. நாடு செய்த காயம் இங்கே ஒரு வீட்டு ஆண்பிள்ளைகளின் குணக்கேடாகச் சுருங்கிவிட்டது. அண்ணன் திருந்தினால் தீர்ந்துவிடும் என்று நமக்கு நம்பிக்கை வருகிறது. அவன் திருந்தவும் செய்கிறான், திருந்தியதும் செத்தும்போகிறான். கவிதா தனக்கு அமைந்த கல்யாணத்தையும் விட்டுக்கொடுத்துவிட்டு மறுபடி வேலைக்குக் கிளம்புகிறாள். அதற்குப் பெயர் விதி. கட்டக் படத்தின் முடிவில் வேறொரு பெண் தெருவில் நடந்து வருகிறாள், அவள் செருப்பும் அறுகிறது. அங்கே தொடர்வது ஒரு காலனியின் கதை, இங்கே தொடர்வது ஒருத்தியின் தலையெழுத்து. தலைப்பிலேயே 'ஒரு' என்று இருக்கிறதே.

மூர்த்தி பாடுகிற பாட்டு ஒன்று உண்டு. கண்ணதாசன் எழுதி, விசுவநாதன் இசையமைத்து, ஜேசுதாஸ் பாடியது. வீட்டைவிட வீதியே மேல் என்கிற தத்துவம். அருமையான பாட்டு, மறுப்பதற்கில்லை. இதே பாட்டை சியால்தா நடைமேடையில் உட்கார்ந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. வீடு இருப்பவனுக்குத்தான் வீதி தத்துவம்.

தமிழில் அகதிக் கதைக்கு இடமில்லை, அதனால்தான் விட்டுவிட்டார்கள் என்று ஒரு சமாதானம் சொல்லலாம். அது சரியல்ல. 1952-லேயே 'பராசக்தி' ரங்கூனில் ஆரம்பித்துவிட்டதே! ஜப்பான் குண்டுவீச்சில் பர்மாவை விட்டு ஓடிவந்த தமிழர்களும், தாய்மண்ணில் பிச்சைக்காரர்களாக நின்ற கோலமும் அந்தப் படத்தின் அஸ்திவாரம். வசனத்தைக் கைதட்டி ரசித்த நாம் அதையும் ஓர் அகதிப் படமாகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். 1964-க்குப் பிறகு பர்மாவிலிருந்து இரண்டாம் முறையாகத் தமிழர்கள் கப்பலேறி வந்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு, இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்று பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை ஆளுக்குப் பாதி என்று முடிவு செய்தது 1974-ல். கவிதா திரைக்கு வந்த அதே வருஷம்! தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் பெயர் பதிந்த குடும்பங்களில் எத்தனை கவிதாக்கள் இருந்திருப்பார்கள். தேயிலை பறித்த கைக்கு இங்கே என்ன வேலை கிடைத்தது, எந்த மகள் எத்தனை பேருக்கு உலை வைத்தாள் என்று கேட்டிருந்தால் அதுதான் தமிழின் 'மேகம் மூடிய நட்சத்திரம்' ஆகியிருக்கும். கதை வீட்டு வாசலிலேயே நின்றிருந்தது, யாரும் கதவைத் திறக்கவில்லை.

ஆனால் நம்ம பம்பாய்த் தமிழர்கள் கவிதாவை ஏன் அப்படிக் கொண்டாடினோம்? அதற்கும் காரணம் இருக்கிறது. டைப்பிங்கும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு, மாஹிமிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ரயிலேறிக் கோட்டைப் பகுதி ஆபீஸ்களுக்குப் போய், ஊருக்கு மணியார்டர் அனுப்பிய அக்காமார்கள் நம்மிடையே உண்டு. தம்பியின் படிப்பு, தங்கையின் கல்யாணம் என்று வயது போனவர்கள். அவர்களைக் கவிதாவோடு ஒப்பிட்டு 'குடும்ப விளக்கு' என்று மேடைகளில் பாராட்டியிருக்கிறோம். பாராட்டினால் போதும், கணக்குப் பார்க்க வேண்டியதில்லை என்கிற சௌகரியமும் அதில் இருந்தது. ஊரில் நிலம் ஏன் கைவிட்டுப் போனது, படித்த பெண்ணுக்கு ஊரிலேயே ஏன் வேலை இல்லை, அவள் சம்பளம் நின்றுவிடும் என்று எந்த வீட்டில் வரன் தட்டிக்கழிக்கப்பட்டது என்பதெல்லாம் கவிதா படம் கேட்காத கேள்விகள். நீத்தாவின் அம்மாவை நாம் பார்த்திருந்தால் சில வீடுகளில் முகம் சுளித்திருப்பார்கள்.

ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். நாம் அகதிகள் இல்லை, பிழைக்க வந்தவர்கள். தீபாவளிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொள்கிறோமே, அதுவே பெரிய பாக்கியம். டிக்கெட் எடுக்க ஓர் ஊர் இருக்கிறது. நீத்தாவின் அப்பாவுக்கு அது இல்லை. இரண்டையும் ஒன்றாக்கி நாமும் அவர்களைப்போலத்தான் என்று நெகிழ்வது அவர்கள் துக்கத்தைக் கடன் வாங்குவதாகும்.

கல்கத்தா தூரம் என்று நினைக்க வேண்டாம். மாஹிமிலிருந்து ஹார்பர் லைனில் போய், வடாலாவில் வண்டி மாறி செம்பூருக்குக் கிளம்பினால் அடுத்த ஸ்டேஷன் குரு தேக் பகதூர் நகர், பழைய கோலிவாடா. பிரிவினையில் பஞ்சாபிலிருந்து வந்தவர்களைக் குடியமர்த்திய இடம். இன்னும் கொஞ்ச தூரத்தில் செம்பூர் கேம்ப், சிந்திகளுடையது. கல்யாண் முகாம் வளர்ந்து உல்லாஸ்நகர் ஆயிற்று. 'கேம்ப்' என்றால் நமக்கு பஸ் ஸ்டாப், இல்லாவிட்டால் தால் பக்வான். அது எதன் கேம்ப் என்று நம் பிள்ளைகள் கேட்டதில்லை, நாமும் சொன்னதில்லை. ஒரே தண்ணீர்க் குழாய் வரிசையில் நின்ற சிந்தி மாமிகள் கராச்சியில் எப்படி இருந்தார்கள் என்று விசாரித்தவர்கள் நம்மில் மிகக் குறைவு.

கதையின் பயணம் இன்னும் வேடிக்கையானது. தமிழிலிருந்து 1976-ல் தெலுங்குக்குப் போய் 'அந்துலேனி கதா' ஆயிற்று. 1982-ல் 'ஜீவன் தாரா' என்று ஹிந்திக்கும், 1983-ல் கன்னடத்துக்கும் போனது. நடுவில் 1977-ல் வங்காளத்துக்கே திரும்பி 'கபிதா' என்ற பெயரில் வந்தது. மாலா சின்ஹா நடித்தார், நம்ம கமலஹாசனும் நடித்தார். வங்க மக்களின் கதை அகதிக் காலனியைக் கழற்றி வைத்துவிட்டு வங்காளிகள் முன்னாலேயே போய் நின்றது. கட்டக் அதற்கு முந்தைய வருஷம், 1976-ல், காலமாகிவிட்டார்.

மூலப் படத்தில் நமக்கென்றே இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. அண்ணன் சங்கர் பாடகனாகிப் பேர் வாங்குவது நம்ம பம்பாயில்தான். பெரிய மனுஷனாகத் திரும்பி வரும்போது தங்கை ரத்தம் கக்கிக்கொண்டிருக்கிறாள். இன்னொன்று, சங்கருக்காக ஒலிக்கும் ஹம்சத்வனி. ராமசாமி தீட்சிதர் உண்டாக்கிய ராகம், 'வாதாபி கணபதிம்' கேட்டு வளர்ந்த காதுக்கு முதல் ஸ்வரத்திலேயே பிடிபட்டுவிடும். கல்கத்தாவில் ஹிந்துஸ்தானி பாடிப் புகழ்பெற்ற ஏ.டி. கானன் பாடியிருக்கிறார். அவர் சென்னையில் பிறந்தவர்.