தேயாத எலும்பு, தேயும் பல்

நாய்க்குட்டி வந்த வீட்டில் முதலில் பலியாவது செருப்பு வார். அடுத்து சோபாவின் கால், சார்ஜர் வயர். "கால்சியம் கொறச்சல், டானிக் ஊத்துங்க" என்பார் ஒருவர். "ஒரு எலும்பு வாங்கிப் போடுங்க, அடங்கிடும்" என்பார் இன்னொருவர்.

முதல் யோசனையை உடனே தள்ளிவிடலாம். குட்டி கடிப்பது பல் முளைப்பதால். மூன்று நான்கு வாரத்தில் தலைகாட்டும் 28 பால்பற்கள், மூன்று மாதம் தாண்டியதும் விழத் தொடங்கி, ஆறேழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்களுக்கு வழிவிடுகின்றன. அந்த நாட்களில் ஈறு வலிக்கும். எதையாவது கடித்தால் இதமாக இருக்கும். கணக்கில்லாமல் கால்சியம் ஊற்றினால் எலும்பு வளர்ச்சியே கோணலாகும். கிரேட் டேன் போன்ற பெரிய இனங்களில் இந்த ஆபத்து அதிகம்.

எலும்பு யோசனையை அப்படித் தள்ள முடியாது. மஜ்ஜையோடு ஒரு எலும்பு கிடைத்த நாயின் சந்தோஷத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். பச்சை மாட்டெலும்பை மென்ற பீகிள் நாய்களுக்குப் பற்காரை நன்றாகக் குறைந்ததை பிரேசில் ஆய்வொன்று காட்டியது. ஆனால் அவை வளர்ந்த நாய்கள். நான்கு மாதக் குட்டிக்குச் சுரண்டி எடுக்கப் பற்காரை ஏது? இருக்கும் பாதிப் பல்லும் விழப்போகிற பல். பலன் தேவைப்படாத வயதில் ஆபத்தை மட்டும் விலைக்கு வாங்குகிறோம்.

அதிலும் நம் வீடுகளில் விழுவது பெரும்பாலும் பச்சை எலும்பல்ல, குழம்பு எலும்பு. வெந்த கோழியெலும்பு கடித்தால் ஊசி ஊசியாக உடைந்து தொண்டையையும் குடலையும் குத்தும். அதில் ஊறிய வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. பதப்படுத்திப் பாக்கெட்டில் விற்கும் எலும்பும் யோக்கியமில்லை. 2010 நவம்பர் முதல் 2017 செப்டம்பர் வரை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு அதைப் பற்றி வந்த புகார்களில் சுமார் 90 நாய்கள் பாதிக்கப்பட்டிருந்தன. 15 இறந்ததாகச் சொல்லப்பட்டது. "எங்க தாத்தா வீட்டு நாய் எலும்பு தின்னுதான் வளர்ந்துச்சு" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் காலத்தில் செத்துப்போன குட்டிகளின் வயிற்றை யாரும் திறந்து பார்க்கவில்லை. மாங்கொட்டையும் மக்காச்சோளக் கட்டையும் இதே ரகம். குடலில் அடைத்துக்கொண்டால் அறுவைதான்.

கடையில் 'போன்' என்று கேட்டால், இரு முனையிலும் முடிச்சுப் போட்ட வெள்ளைச் சாமான் ஒன்றைத் தருவார்கள். அது எலும்பல்ல; மாட்டுத் தோலின் உள்ளடுக்கு. மலிவு, நாற்றமில்லை, எலும்பு போல் குத்தாது. ஆனால் எச்சிலில் ஊறி வழுவழுப்பான துண்டைக் குட்டி மெல்லாமலே விழுங்கும். வயிற்றுக்குள் போய் அது ஊதும்.

அதைவிட உசத்தி என்று நீட்டப்படுவது மாட்டுக் குளம்பும், யாக் பாலில் செய்த கல் போன்ற சுர்பியும். "ஒரு மாசத்துக்கு வரும் சார்!" என்பார் கடைக்காரர். நாமும் மயங்கிவிடுகிறோம். எவ்வளவு நாள் வரும் என்பது துடைப்பம் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி. கடிபொருள் தேயவில்லை என்றால் தேய்வது பல். மேல் தாடையின் பெரிய கடைவாய்ப்பல்தான் வழக்கமாகச் சில்லாகப் பெயர்ந்து உள்ளிருக்கும் பற்கூழ் வெளியே தெரியும். இப்போதுதான் முளைத்த நிலைப்பல் போனால் வேறு பல் வராது. கடிபொருளைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பதியவில்லை என்றால் வேண்டாம்.

அமெரிக்காவின் கொலராடோவில் 1970-களில் ஜோ மார்க்கம் என்பவரின் ஜெர்மன் ஷெப்பர்டு, ஃபிரிட்ஸ், கல்லைக் கடித்தே பல்லைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அவர் பழுதுபார்த்துக்கொண்டிருந்த வேனின் ரப்பர் பாகம் ஒன்று அதற்கு ரொம்பப் பிடித்துப்போனது. 'காங்' என்ற ரப்பர் பொம்மை அப்படிப் பிறந்ததுதான். ரப்பர் பல்லுக்கு இடங்கொடுக்கிறது; அதுவே அதன் சிறப்பு. குட்டிகளுக்கென்று தனியாக வரும் மென்மையான வகையைத்தான் வாங்க வேண்டும். விலை அதிகம் என்பது உண்மை. மலிவுப் போலிகள் பிய்ந்து வயிற்றுக்குள் போகும் என்பதும் உண்மை. உள்ளே வேர்க்கடலை வெண்ணெய் தடவுபவர்கள் லேபிளில் சைலிட்டால் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நாய்க்கு அது விஷம்.

குளிர்ந்த முழு கேரட்டும் நல்லதே, பக்கத்தில் ஆள் இருந்தால். ஈரத்துணியை முறுக்கிக் குளிரவைத்துக் கொடுக்கும் வழக்கத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை; நூல் பிரிந்து குடலுக்குள் போனால் அதைச் சுருட்டி அறுத்துவிடும். எதைக் கொடுத்தாலும் முழுசாக வாய்க்குள் போகாத அளவில் இருக்கட்டும். குட்டியைத் தனியே விட்டுப் போகும்போது பிடுங்கி வைத்துவிடுங்கள்.

ஏழு மாதம் கடந்தும் பால் கோரைப்பல் விழாமல் புதுப் பல்லோடு ஒட்டி நின்றால், எந்தக் கடிபொருளும் அதை விழவைக்காது. பொமரேனியன் போன்ற சின்ன இனங்களில் இது சகஜம். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் எடுத்துவிடுங்கள்.