ஒன்பதாவது வரி

சினிமாவுக்கும் நாவலுக்கும்தான் விமர்சனம் எழுத வேண்டுமா என்ன? இந்த வாரம் நான் எடுத்துக்கொள்வது ஒரு நாலு பக்க விளக்கத்தாள். அண்ணன் பையன் காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு வாங்கிய எலெக்ட்ரானிக்ஸ் கிட்டுடன் வந்தது. பேட்டரியிலிருந்து எவ்வளவு கரண்ட் போகிறது என்று காட்டும் சின்ன சர்க்யூட்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சர்க்யூட் கச்சிதம். எல்.இ.டி.யின் எந்தக் கால் ப்ளஸ் என்பதற்குக்கூடப் படம் போட்டு ஒரு பாரா. ஆனால் ஒன்பதாவது ஸ்டெப்பில், 26 கேஜ் நிக்ரோம் கம்பியை ஒன்றரை சென்டிமீட்டர் வெட்டி போர்டில் சால்டர் செய்யச் சொல்லி ஒரே ஒரு வரி. கம்பி கிட்டில் இல்லை, கடையில் வாங்கிக்கொள்ளணுமாம்.

பையன் மூணு ராத்திரி முயன்றான். ஈயம் உருகுகிறது, கம்பியின் மேல் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நிற்கிறது. ஒட்டியதுபோலத் தெரிந்ததும் விரலால் தட்டினால் கையோடு வந்துவிடுகிறது. நாலாம் நாள், ‘‘எனக்குக் கை வரலை சித்தப்பா. பேசாம பேங்க் பரீட்சை எழுதிடறேன்’’ என்றான். இங்கேதான் எனக்குச் சுர்ரென்றது. தப்பு தாளின் மேல். பழி பையன் மேல்.

நான் பி.காம். ஓம் விதியைவிட டெபிட், கிரெடிட் விதிதான் எனக்குப் பரிச்சயம். ஆனாலும் விசாரித்துப் படித்தால் புரியாத சமாசாரம் இல்லை இது. நிக்ரோம் என்பது ஏறக்குறைய 80 சதவீதம் நிக்கல், 20 சதவீதம் குரோமியம். 1906-ல் ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் பேட்டன்ட் வாங்கினார். அந்தக் குரோமியம் காற்றுபட்டதும் மேலே மெல்லிய ஆக்சைடு போர்வை போர்த்திக்கொள்ளும். செக்கச்செவேல் என்று காய்ந்தாலும் கம்பி எரிந்து போகாமல் காப்பது அதுதான். ஈயத்தை அண்டவிடாததும் அதேதான். எவர்சில்வரில் ஈயம் பிடிக்காததற்கும் இதே காரணம். சாதாரண சால்டரிங் பேஸ்ட்டுக்கு இந்தப் போர்வையைக் கிழிக்கிற தெம்பு கிடையாது.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் நவச்சாரம் தூவுவாரே, பார்த்திருக்கிறீர்களா? அந்த மாதிரி காரமான ஏதாவது வேண்டும். துத்தநாகத்தைக் கரைத்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் போட்டால் நிக்ரோமிலும் ஈயம் பிடிக்கும். பிறகு நன்றாகக் கழுவாவிட்டால் அதே ஆசிட் போர்டைத் தின்றுவிடும். இதை எழுத மூணு வரி போதும். எல்.இ.டி. பாராவில் மிச்சம் பிடித்திருக்கலாம்.

சரி, ஒட்டிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் கம்பியில் ஈயம் ஒரு பக்கம் இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக ஏறினால் கணக்கு 13 சதவீதம் அவுட். எந்த ஆடிட்டர் இதற்குக் கையெழுத்துப் போடுவார்?

அடுத்தது கடை. பையன் நிக்ரோம் என்று கேட்க, கடைக்காரர் ‘‘ஹீட்டர் கம்பிதானே?’’ என்று ஒரு சுருளிலிருந்து வெட்டிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் காந்தத்தைக் காட்டினேன், பட்டென்று ஒட்டியது. 80-20 நிக்ரோம் காந்தத்தில் ஒட்டாது. வந்திருப்பது இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த காந்தால் ஜாதி. அதன் மேல் அலுமினியம் ஆக்சைடு. அதில் ஈயம் பிடிக்க வைப்பது இன்னும் பெரிய பாடு. மின்தடையும் வேறு, சொன்ன நீளத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் காட்டும். கடைக்காரரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஹீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான்.

எனக்குப் பெரிய குறை, இங்கே நிக்ரோமே எதற்கு என்பதுதான். 55 பங்கு செம்பும் 45 பங்கு நிக்கலும் கலந்த கான்ஸ்டன்டன் இருக்கிறது. எட்வர்ட் வெஸ்டன் 1880-களில் கண்டுபிடித்தது. சாதாரண பேஸ்ட்டிலேயே சமர்த்தாக ஈயம் பிடிக்கும். அதே கேஜில் நீளமும் மூணு சென்டிமீட்டருக்கு மேல் கிடைக்கும், பிசகு பாதியாகும். அளவுக் கருவிகளுக்கென்றே அவர் செய்த மாங்கனினும் உண்டு. பிளஸ் டூவில் மீட்டர் பிரிட்ஜ் செய்தவர்களுக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்கும். ஏன் மாங்கனின் என்று மார்க்குக்கு மனப்பாடம் செய்கிறோம். முனையில் அது எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ‘எண்டு கரெக்‌ஷன்’ என்று ஒன்றைக் கழித்தோமே, அதில் பாதி வம்பு அந்த முனையில்தான்.

இன்னொன்று. இந்தத் தாளைப் படித்துவிட்டு யாராவது அறுந்த அயர்ன்பாக்ஸ் கம்பியை ஈயத்தால் ஒட்டப் பார்த்தால்? ஈயம் 183 டிகிரியில் உருகத் தொடங்கும். நிக்ரோம் ஆயிரம் டிகிரியிலும் அசராது. இணைப்பு உருகி, அவிழ்ந்த கம்பி பெட்டியின் உடம்பைத் தொட்டால் கையில் பிடித்திருப்பவர் கதி? ஹீட்டர் கம்பியைத் திருகால் நெரித்தோ, ஸ்பாட் வெல்டிங் செய்தோதான் இணைப்பார்கள். எச்சரிக்கையாக ஒரு வார்த்தை, ம்ஹூம்.

கடைசியில் வேலை முடிந்தது எப்படி என்று கேட்கிறீர்களா? சின்ன வெள்ளைச் செங்கல் மாதிரி இருக்கும் 0.1 ஓம் சிமென்ட் ரெசிஸ்டர். ஒரு காபி விலைகூட ஆகவில்லை. உள்ளே அதே மாதிரி பிடிவாதக் கம்பிதான், ஆனால் தொழிற்சாலையிலேயே முனையில் உலோகத் தொப்பி மாட்டி அழுத்தி, வெளியே ஈயம் பூசிய கால்களை நீட்டிவிட்டிருக்கிறார்கள். பையன் இரண்டே நிமிஷத்தில் சால்டர் செய்தான்.

தாளில் ஒன்பதாவது வரியைப் பேனாவால் அடித்துவிட்டு ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். ஜூனியருக்குக் கொடுக்கப் போகிறானாம்.