வழியில் குறையும் பணம்

ஜெர்மனியில் படிக்க இடம் கிடைத்த இந்திய மாணவர், பொதுவாக விசாவுக்கு முன்பாக அங்குள்ள முடக்கக் கணக்கு ஒன்றில் ஓராண்டுச் செலவுக்கான பணத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ, மாதத்துக்கு 992 என்ற கணக்கில். திருச்சியிலோ கோவையிலோ இருக்கும் பெற்றோர் வங்கிக்குப் போய், பான் எண்ணும் ஏ2 படிவமும் சேர்க்கைக் கடிதமும் கொடுத்து, அதற்குரிய ரூபாயைக் கட்டிவிட்டு ரசீதோடு திரும்புகிறார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், பல சமயம் அங்கே ஏறியிருப்பது பத்திருபது யூரோ குறைவாக இருக்கிறது. குறைந்த தொகைக்குச் சான்று கிடைக்காது. சான்று இல்லாமல் விசா விண்ணப்பம் நகராது. அந்த இருபது யூரோவை அனுப்ப மறுபடியும் அதே படிவம், அதே கட்டணம், அதே காத்திருப்பு. அதனால்தான் முன்னரே அங்கு போய்ச் சேர்ந்த பிள்ளைகள், "கொஞ்சம் சேர்த்தே போட்டுடுங்க" என்று அடுத்து வருபவர்களுக்குச் சொல்லிவைக்கிறார்கள். பணத்தைக் கொண்டுசேர்க்கவே கூலி வாங்கும் ஒரு தொழிலில், வழியில் எவ்வளவு குறையும் என்பதை வாடிக்கையாளர் ஊகித்து முன்கூட்டியே கட்ட வேண்டியிருக்கிறது.

நாடு விட்டு நாடு பணம் அனுப்புவதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் முதலில் சொல்லும் குறை தாமதம். நான் அதை இரண்டாவதாகத்தான் வைப்பேன். மேலே சொன்ன நிகழ்வில் ஒவ்வொரு வங்கியும் தன் பேரேட்டின்படி சரியாகவே நடந்திருக்கிறது. திருச்சிக் கிளை முழுத் தொகையை அனுப்பியது. ஜெர்மன் வங்கி வந்ததை வரவு வைத்தது. நடுவில் எடுத்துக்கொண்ட வங்கியின் பெயர்கூடப் பெற்றோருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அங்கே அவர்களுக்குக் கணக்கு இல்லாததால் கேள்வி கேட்க முடியாது. அனுப்பிய பணம் முழுதாகச் சேர்வதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இந்த ஏற்பாட்டில் விடை எழுதப்படவே இல்லை. மற்ற தொல்லைகளில் பெரும்பாலானவை இங்கிருந்து கிளைத்தவை என்பது என் கருத்து.

ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்று பார்த்தால் இது விளங்கும். 1973இல் பெல்ஜியத்தில் தொடங்கப்பட்ட ஸ்விஃப்ட் என்ற கூட்டுறவு அமைப்பைப் பணம் அனுப்பும் அமைப்பு என்றே பலரும் நினைக்கிறார்கள். அதன் வழியே பணம் போவதில்லை, தகவல்தான் போகிறது. பணம் நகர்வது வங்கிகள் ஒன்றிடம் ஒன்று வைத்திருக்கும் கணக்குகளில். சென்னையிலுள்ள வங்கிக்கு ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு வங்கியிடம் யூரோக் கணக்கு இருந்தால், "என் கணக்கில் கழித்து இன்னாருக்குக் கொடு" என்று செய்தி அனுப்பும். பெறுபவரின் வங்கியோடு நேரடித் தொடர்பு இல்லையென்றால் இன்னொரு வங்கி நடுவில் வரும். சில சமயம் இரண்டு வரும். ஒவ்வொன்றும் தடைப்பட்டியலைப் பார்க்கும், தன் நாட்டு வேலைநேரத்துக்குக் காத்திருக்கும், தன் கட்டணத்தை எடுக்கும். கட்டணத்தை யார் ஏற்பது என்பதற்கு மூன்று ஏற்பாடுகள் உண்டு: அனுப்புபவரே முழுவதும் ஏற்பது, இருவரும் பகிர்வது, பெறுபவர் ஏற்பது. படிவத்தில் அது மூன்றெழுத்துக் குறியாக ஒரு மூலையில் இருக்கும். அவசரத்தில் கையெழுத்துப் போடுகிற பெற்றோருக்கு அதை விளக்கிச் சொல்லும் கிளை அலுவலர்கள் குறைவு. அந்த ஒரு கட்டத்தில் இட்ட குறிதான் விசாவைத் தள்ளிப்போடுகிறது.

இந்த ஏற்பாட்டைப் பழுதென்று ஒதுக்கிவிட முடியாது. 200க்கும் மேற்பட்ட நாடுகளில் 11,000க்கும் அதிகமான நிறுவனங்கள் இதில் இணைந்திருக்கின்றன. ஒன்றையொன்று அறியாத இரண்டு வங்கிகள், மொழியும் சட்டமும் நாணயமும் வேறான இரண்டு ஊர்களிலிருந்து, ஒரு வீட்டை விற்ற தொகையைக்கூட எழுத்துச் சான்றோடு கைமாற்ற முடிகிறது. ஆய்வும் சான்றும் தேவைப்படும் பெருந்தொகைக்கு இந்த நிதானம் பொருத்தம்தான். 2017இல் ஸ்விஃப்ட் கொண்டுவந்த மேம்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனி அடையாள எண் உண்டு. பணம் எந்த வங்கியில் நிற்கிறது, எங்கே எவ்வளவு பிடித்தம் ஆனது என்பதை வங்கிகள் அதைக்கொண்டு பார்க்கலாம். அந்தத் தகவல் வாடிக்கையாளரின் கைக்கு வருவதுதான் அரிது. பணம் சேரவில்லை என்று தவிப்பவர்கள் கிளையில் அந்த எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.

கட்டணத்தைவிடப் பெரிய பிடித்தம் பல சமயம் மாற்று விகிதத்தில் இருக்கிறது. "கட்டணம் இல்லை" என்ற விளம்பரத்துக்குப் பின்னால், சந்தையில் வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலைக்கும் நமக்குத் தரும் விலைக்கும் இடைப்பட்ட வித்தியாசம் ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து, 200 டாலர் அனுப்ப உலக சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் ஆகிறது என்பது உலக வங்கி தொடர்ந்து எடுத்துவரும் கணக்கு. அதாவது 12 டாலருக்கு மேல். 2030க்குள் இதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. சிறு தொகையை மாதாமாதம் அனுப்பும் கூலித் தொழிலாளிக்கே இந்தச் சுமை அதிகம். லட்சங்களை அனுப்புபவருக்குச் சதவீதம் தானாகக் குறைந்துவிடுகிறது. லண்டனில் 2011இல் இரண்டு எஸ்தோனியர்கள் தொடங்கிய டிரான்ஸ்ஃபர்வைஸ் (இப்போது வைஸ்), சந்தை விகிதத்தையே கொடுத்துக் கட்டணத்தைத் தனியே காட்டும் வழக்கத்தைப் பரவலாக்கியது. அதன் தொழில்நுட்பத்தைவிட, விலையை வெளியே சொன்ன நேர்மைதான் பெரிய மாற்றம் என்று நினைக்கிறேன்.

வங்கி கைவிட்ட இடத்தில் மக்கள் எங்கே போகிறார்கள் என்பதற்கு இலங்கையைவிடத் தெளிவான சான்று கிடையாது. 2021இன் பிற்பகுதியில் மத்திய வங்கி டாலரின் விலையை 200 ரூபாயை ஒட்டிப் பிடித்துவைத்திருந்தது. வெளிச்சந்தையில் அதே டாலருக்குக் கணிசமாக அதிகம் கிடைத்தது. டொரன்டோவிலோ பாரிஸிலோ கத்தாரிலோ இருந்து யாழ்ப்பாணத்துக்குக் காசு அனுப்புபவருக்கு வங்கியில் போடுவது கண்முன்னே நட்டம். வங்கிக்கு வெளியே பணம் மாற்றிக்கொடுக்கும் உண்டியல்காரரிடம் கொடுத்தால் கூடுதல் ரூபாய் அன்றைக்கே வீட்டு வாசலுக்கு வந்துவிடும். 2020இல் 7 பில்லியன் டாலருக்கு மேல் இருந்த முறைப்படியான வெளிநாட்டுப் பணவரவு 2021இல் சுமார் 5.5 பில்லியனாகவும், 2022இல் 4 பில்லியனுக்குக் கீழேயும் சரிந்தது. மருந்துக்கும் எரிபொருளுக்கும் டாலர் இல்லாமல் நாடு தவித்த அதே மாதங்கள் அவை. 2022 மார்ச்சில் விலையைத் தளர்த்திய பின்னர் காசு மெல்ல மெல்ல வங்கிக்குத் திரும்பியது. 2023இல் ஏறத்தாழ 6 பில்லியன்.

உண்டியலை நான் புகழவில்லை. ரசீது கிடையாது, ஏமாந்தால் நீதிமன்றம் போக வழியில்லை, களவுப் பணமும் அதே பாதையில்தான் ஓடுகிறது, நாட்டின் கஜானாவுக்கு வர வேண்டிய அந்நியச் செலாவணி வராமலே போகிறது. இருந்தும் அதன் பலத்தை ஒப்புக்கொள்ளாமல் அதை ஒழிக்க முடியாது. கொடுக்கும்போதே அங்கே எத்தனை ரூபாய் கிடைக்கும் என்று சொல்லிவிடுகிறார்கள். சொன்ன தொகை குறைந்தால் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார். அவருடைய அண்ணனையோ மாமாவையோ ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆயிரக்கணக்கான ஊழியர்களும் உரிமமும் காப்பீடும் வைத்திருக்கும் வங்கி இந்த இரண்டையும் தர மறுப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

உள்நாட்டு நிலவரம் முற்றிலும் வேறு. பிரிட்டனில் 2008 முதல் பணம் நொடிகளில் ஏறுகிறது. கென்யாவில் 2007இல் வந்த எம்-பெசா, வங்கிக் கணக்கே இல்லாதவர்களின் கைபேசியைப் பணப்பையாக்கியது. இந்தியாவில் 2016இல் தொடங்கிய யுபிஐ 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிமாற்றங்களைத் தாண்டியது. இளநீர்க் கடைக்காரருக்கு முப்பது ரூபாயை ஒரு பைசா பிடித்தம் இல்லாமல் கொண்டுசேர்ப்பது உண்மையிலேயே பெரிய சாதனை.

ஆனால் வேகத்தோடு சேர்ந்து, தவறைத் திருத்தும் அவகாசமும் போய்விட்டது. ஐரோப்பாவின் ஐபான் எண்ணில் இரண்டு சரிபார்ப்பு இலக்கங்கள் உண்டு. ஓரெண் மாறினாலே கணினி ஏற்காது. இந்தியக் கணக்கு எண்ணுக்கு ஒரே நீளமும் கிடையாது, அப்படிப்பட்ட பொதுவான சரிபார்ப்பும் கிடையாது. எண்ணை இரண்டு முறை தட்டச் சொல்வதுதான் நம் பாதுகாப்பு. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழியாக அனுப்பும்போது பெயர் பொருந்துகிறதா என்று பாராமல் எண்ணை மட்டும் வைத்து வரவு வைக்கும் நிலை நெடுங்காலம் இருந்தது. பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்ன பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. யூரோ நாடுகளில் 2025 அக்டோபர் 9 முதல் பெயர்ச் சரிபார்ப்பு கட்டாயம். பொருந்தவில்லை என்ற எச்சரிக்கையை மீறி அனுப்பினால் இழப்பு அனுப்பியவருடையது. சரிபார்க்கத் தவறினால் வங்கியுடையது. பொறுப்பைத் தெளிவாகப் பிரித்து எழுதிய நல்ல விதி இது.

தமிழருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். குடும்பப் பெயர் இல்லாத நமக்குப் பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்து முன்னொட்டு, கடவுச்சீட்டில் அப்பா பெயர் முழுதாக, வெளிநாட்டு வங்கியில் அப்பா பெயரே நம் பெயராக. கே. செந்தில் என்பவர் ஓரிடத்தில் செந்தில் கிருஷ்ணன், இன்னோரிடத்தில் கிருஷ்ணன் செந்தில். மூன்றும் ஒருவரே என்பது ஊரில் குழந்தைக்கும் தெரியும். எழுத்துகளை ஒப்பிடும் மென்பொருளுக்குத் தெரியாது. சந்தேகம் என்று நிறுத்திவைக்கப்படும் நேர்மையான பணத்தில் இப்படிப்பட்ட பெயர்களும் உண்டு. பெயர் பொருத்தத்தை நான் ஆதரிக்கிறேன், ஆனால் தந்தை பெயரை முன்னெழுத்தாக வைக்கும் வழக்கத்தை அந்த மென்பொருள்களுக்குக் கற்பிக்க இந்திய வங்கிகளும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகமும் முன்வர வேண்டும். ஸ்டுட்கார்ட்டில் உட்கார்ந்து அதை வேறு யாரும் செய்யப்போவதில்லை.

வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்தியக் கணக்கை இயக்குபவரின் அவதி ஓடிபியில் தொடங்குகிறது. பல கணக்குகளுக்கு அந்த ஆறு இலக்கம் இந்திய சிம்முக்கே போகும். 90 நாள் பயன்படுத்தாத ப்ரீபெய்ட் எண் துண்டிக்கப்படலாம். பிறகு வேறொருவருக்கும் போகலாம். எண் போனால் கணக்குக்குள் நுழைய முடியாது. எண்ணை மாற்றக் கிளைக்கு நேரில் வரச் சொல்வார்கள். மஸ்கட்டில் வேலை பார்ப்பவர் அதற்காக விடுப்பும் விமானச் சீட்டும் எடுக்க வேண்டும். 2026 ஏப்ரலை அமல் தேதியாகக் கொண்ட ரிசர்வ் வங்கி நெறிமுறைகள் குறுஞ்செய்தி ஓடிபிக்கு மாற்றுவழிகளை ஊக்குவிக்கின்றன. வங்கிகள் அதை வெளிநாடுவாழ் வாடிக்கையாளரிடமிருந்து தொடங்குவதே முறை.

இனி அமெரிக்காவைப் பார்க்கலாம். வாடகைக்குக் காசோலை எழுதித் தரும் வழக்கம் இன்றும் அங்கே உயிரோடிருக்கிறது. மத்திய வங்கி நடத்தும் உடனடிப் பரிமாற்றச் சேவையான ஃபெட்நவ் 2023 ஜூலையில்தான் வந்தது. அன்றாட வங்கிச் சேவையில் இத்தனை பின்தங்கிய நாடு, வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்தில் நம்மைவிட முன்னே நிற்கிறது. 2013 அக்டோபரில் அமலுக்கு வந்த விதியின்படி, அனுப்புவதற்கு முன்பே கட்டணமும் மாற்று விகிதமும் அங்கே கையில் கிடைக்கும் தொகையும் எழுத்தில் சொல்லப்பட வேண்டும். பணம் கட்டிய 30 நிமிடத்துக்குள் பொதுவாக ரத்துசெய்யலாம். சொன்னதைவிடக் குறைவாகச் சேர்ந்தால் 180 நாளுக்குள் முறையிடலாம். வாடிக்கையாளரிடம் பணம் வாங்கிய நிறுவனமே அதை விசாரித்துத் தீர்க்க வேண்டும். சில இடங்களில் உத்தேசத் தொகை சொல்ல வங்கிகளுக்கு விலக்கு உண்டு என்பது இதன் ஓட்டை. ஆனாலும் நடுவில் எத்தனை வங்கி இருந்தாலும், சங்கிலியின் முதல் கண்ணி வாடிக்கையாளருக்கு முழுப் பதில் சொல்ல முடியும் என்பதை அது நடைமுறையில் காட்டிவிட்டது. முடியாது என்று வங்கிகள் சொல்லிவந்ததற்கு இனி மதிப்பில்லை. பிரிட்டனும் ஏமாற்றி வாங்கப்பட்ட உள்நாட்டுப் பணத்துக்கு 85,000 பவுண்டு வரை வங்கிகளே ஈடு தர வேண்டும் என்று 2024 அக்டோபரில் கட்டாயமாக்கியது.

இந்தியாவுக்கும் இது புதிய சிந்தனை அல்ல. யுபிஐ பரிமாற்றத்தில் ஒருவர் கணக்கில் கழிந்து மற்றவர் கணக்கில் ஏறாமல் போனால் மறுநாளுக்குள் திருப்ப வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019இலேயே விதித்திருக்கிறது. உள்நாட்டில் முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு, நிலத்தை அடகு வைத்து ஜெர்மனிக்கோ கனடாவுக்கோ அனுப்பும் பத்து லட்சத்துக்குக் கிடைக்க வேண்டும். சேரும் தொகையை ரசீதில் அச்சிடுவதும், குறைந்தால் அனுப்பிய வங்கியே நிரப்புவதும் கட்டாயமானால், இடைவங்கிகளோடு பேரம் பேசும் வேலை அதற்குரியவர்களிடம் போய்விடும்.

2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ்வும் யுபிஐயும் இணைக்கப்பட்டன. நாளொன்றுக்கு 60,000 ரூபாய் என்ற வரம்போடு தொடங்கிய அந்த இணைப்பு, இடைவங்கிச் சங்கிலி இல்லாமலே இரு நாட்டுக் கைபேசிகள் பணம் பரிமாற முடியும் என்று காட்டியது. மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகியவற்றின் உடனடிப் பரிமாற்ற அமைப்புகளோடு இந்தியாவையும் ஒன்றாகக் கோக்கும் நெக்ஸஸ் திட்டத்தில் 2024இல் ரிசர்வ் வங்கி கையெழுத்திட்டிருக்கிறது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் தமிழ்த் தொழிலாளிகளின் மாதச் சம்பளம் நாளை அந்தப் பாதையில்தான் ஊருக்கு வரும். எத்தனை நொடியில் சேரும் என்பதோடு, சேராவிட்டால் யார் கொடுப்பார்கள் என்பதும் அதன் விதிகளில் முதல் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும்.