கேளையாடும் பழகிய நாயும்
தென்கிழக்கு இங்கிலாந்தின் முட்புதர்க் காடுகளில் வாழும் சீனக் கேளையாடு, தோளளவில் ஏறத்தாழ அரை மீட்டர் உயரமே கொண்ட சிறு மான். பின்புறம் சற்றே உயர்ந்து முன்தாழ்ந்த அதன் உடல், அடர்ந்த புதருக்குள் நுழைவதற்கென்றே அமைந்தது போலத் தோன்றும். கலவரமுற்றால் அது சீரான இடைவெளி விட்டு, சில வேளைகளில் பல நிமிடங்கள் வரை கரகரத்துக் குரைக்கும்; ஓடும்போதோ உயர்ந்த வாலின் வெண்ணிற அடிப்புறம் பளிச்சிட்டு மறையும்.

புதர்களில் புகுந்து வேட்டைப் பறவைகளை எழுப்பவும், வீழ்ந்தவற்றைக் கவ்வி வரவும் பழக்கப்பட்ட ஸ்பேனியல் நாய் மோப்பம் பிடித்துச் செல்கையில், அதன் மூக்கின் முன்னிருந்தே இம்மான் பாய்ந்தெழுவதுண்டு. துரத்துவது நாயின் இயல்பே ஆயினும், நன்கு பழகிய நாய் நீண்ட ஒற்றை விசில் ஒலி கேட்டவுடன் அமர்ந்து, உடல் முழுதும் துடிதுடிக்க, கண்களால் மட்டுமே மானைத் தொடர்கிறது. அந்தத் துடிப்பும் அடக்கமும் ஓருடலில் ஒருங்கே நிற்பதுதான் நாயைப் பழக்கும் கலையின் உண்மையான அழகு. அதட்டலால் அது வாய்ப்பதில்லை. முயலும் பறவையும் கண்முன் ஓடினும் அசையாதிருக்க, குட்டிப்பருவம் முதல் பொறுமையோடு பழக்குவதாலேயே வாய்க்கிறது. ஆண் கேளையாட்டின் மேல்தாடையிலிருந்து கீழ்நோக்கி நீளும் கோரைப்பற்கள் நாயின் தோலைக் கிழிக்கவல்லவை ஆதலின், இவ்வடக்கம் இரு விலங்குகளுக்குமே காப்பாகிறது.