கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே

கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் முத்து காமிக்ஸ் ஒன்று கையில் கிடைத்துவிட்டால், கதை எதைப் பற்றி என்றுகூடப் பார்க்க மாட்டேன். நேரே அந்தக் கை வருகிற பக்கங்களைத் தேடிப் போவேன். இரும்புக்கை மாயாவியின் உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், எஃகுக் கை மட்டும் தெரியும். இது எல்லோரும் அறிந்த கதை. வரைகிறவருக்கு இதில் எத்தனை பெரிய சிக்கல் என்று யோசித்துப் பாருங்கள். கோபமோ பயமோ காட்ட முகம் கிடையாது. தோள் கிடையாது, நடை கிடையாது. மணிக்கட்டுக்குக் கீழே உள்ள ஐந்து விரல்களை வைத்து ஒரு மனிதனை நடிக்க வைக்க வேண்டும். ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ அதைச் செய்தார். கை எந்த உயரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை வைத்தே அவன் குனிந்திருக்கிறானா, நிமிர்ந்து நிற்கிறானா என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. இல்லாத உடம்பை வரைந்து முடிப்பது நாம்தான்.

காமிக்ஸ் என்ற கலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே விரல்கடை அளவுகூட இல்லாத வெள்ளைக் கோடு. அந்த இடைவெளியில் ஒரு நொடி போயிருக்கலாம், பத்து வருஷமும் போயிருக்கலாம். சினிமா தன் வேகத்தில் நம்மை இழுத்துக்கொண்டு போகும். காமிக்ஸ் அப்படியில்லை. நிற்கவும், திரும்பிப் பார்க்கவும், ஒரே பக்கத்தில் பத்து நிமிஷம் கிடக்கவும் விடுகிறது.

1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவன் இந்த மாயாவி. 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. அதே ஆண்டில் ராணி காமிக்ஸும் வந்தது. அன்றைக்குப் பள்ளிக்கூடப் பைக்குள் ஒளித்து வைத்துப் படித்தவர்கள்தான் இன்றைக்கு ஈரோடு புத்தகத் திருவிழாவில் கூடுகிறார்கள். பல வருஷமாகவே ஆகஸ்ட் மாதம் வந்தால் லயன்-முத்து வாசகர்கள் அங்கே சந்திப்பது வழக்கம். டெக்ஸ் வில்லரா, கேப்டன் டைகரா, யார் பெரிய நாயகன் என்று தலை நரைத்தவர்கள் வாதாடுவதைக் கேட்க வேண்டும். கச்சேரிக்குப் போய்வந்தவர்கள் ராகத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரியே இருக்கும்.

தமிழில் படிக்கும்போது கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. இங்கிலீஷுக்கோ பிரெஞ்சுக்கோ அளந்து வரைந்த பலூனுக்குள் தமிழை அடக்க வேண்டும். நம் சொற்கள் நீளம். கொஞ்சம் அசந்தால் எழுத்து பலூனை முட்டிக்கொண்டு நிற்கும். நல்ல மொழிபெயர்ப்பாளர் வசனத்தைப் பேச்சாகச் சுருக்கிவிடுவார், இடமும் மிஞ்சும். அப்படி அமைந்த ஒரு பலூனைப் பார்த்தாலே மனசு நிறைந்துவிடுகிறது எனக்கு.

காமிக்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு படத்தைக் காட்டுவேன். அம்புலிமாமாவில் வந்த விக்கிரமாதித்தன். உருவிய வாளோடு, தோளில் பிணத்தைச் சுமந்துகொண்டு சுடுகாட்டில் நடக்கிற அந்த ராஜா. வரைந்தவர் நம் பக்கத்துக் காரத்தொழுவு ஊரில் 1924-ல் பிறந்த கே. சி. சிவசங்கரன், வாசகர்களுக்கு ‘சங்கர்’. 2020-ல் காலமானார். அடுத்த வருஷம் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அந்த விக்கிரமாதித்தன் ஒரே படம்தான், காமிக்ஸ் இல்லை. ஆனாலும் அந்த நடையைப் பாருங்கள். மரத்திலிருந்து பிணத்தை இறக்கியது அந்தப் படத்துக்கு முன்னால், வேதாளம் வாய் திறப்பது அதற்குப் பின்னால். ஒரே சட்டகத்துக்குள் முன்னும் பின்னும் இருக்கின்றன. அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கட்டங்களைப் படிக்கத் தனியாகப் பாடம் வேண்டியதில்லை.

கிராஃபிக் நாவலுக்கும் கோவையிலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது. மர்ஜானே சத்ரபி தன் ஈரானியக் குழந்தைப் பருவத்தை வரைந்து, 2000 முதல் பிரெஞ்சில் வெளியிட்ட ‘பெர்சபொலிஸ்’ நூலைத் தமிழில் ‘ஈரான்’ என்ற பெயரில் கொண்டுவந்தது கோவை விடியல் பதிப்பகம். முழுக்கக் கறுப்பும் வெள்ளையும்தான். சாம்பல் நிறம்கூடக் கிடையாது. புரட்சி, போர், சிறை, தூக்கு எல்லாம் ஒரு சிறுமியின் கண் வழியே வருகின்றன. இதை ஒரு கிளை நூலகத்தில் சிறுவர் பகுதியில் வைத்திருந்ததைப் பார்த்து எனக்கு வருத்தமாகிவிட்டது. படம் இருந்தால் குழந்தைகளுக்கு என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். வாழ்க்கை வரலாறுகளோடு சேர்ந்து நிற்க வேண்டிய புத்தகம் அது.

எங்கள் தெருவில் ஓர் அம்மா இருக்கிறார், நூலகத்தில் வாராவாரம் நாவல் எடுப்பவர். அவரிடம் ‘ஈரான்’ புத்தகத்தைக் கொடுத்தேன். ஒரே மூச்சில் முடித்துவிட்டு, “படிச்சாச்சுங்க, சீக்கிரம் தீந்துபோச்சு” என்றார். எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, படத்தை மட்டும் இன்னொரு தரம் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

நாலு நாள் கழித்து, ஒரு பக்கத்தில் விரலைச் செருகியபடி வந்தார். போருக்குப் போகும் ஏழைப் பையன்களுக்கு, சொர்க்கத்தின் திறவுகோல் என்று சொல்லித் தங்க வர்ணம் பூசிய பிளாஸ்டிக் சாவியைக் கொடுத்தனுப்பிய அத்தியாயம். பக்கத்தின் மேல்பாதியில் கண்ணிவெடியில் தூக்கி எறியப்படும் பையன்கள், வெறும் கறுப்பு நிழல்களாக. கீழ்ப்பாதியில் மர்ஜானே போன முதல் பார்ட்டி.

“ஏனுங்க, மேல செத்துக்கிட்டு இருக்கற பசங்களும் கீழ ஆடற புள்ளைகளும் ஒரே மாதிரித்தான் கையத் தூக்கியிருக்கறாங்க. அவங்க கழுத்துல சாவி, இந்தப் புள்ளை கழுத்துல சங்கிலி. இந்த ஒத்துமையப் பத்தி எழுத்துல ஒரு வார்த்தை இல்லீங்களே?”

இல்லை என்றேன். திண்ணையில் உட்கார்ந்து மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தார்.