மியூரியல்ஸ் வெட்டிங்: மறுமுறை பார்க்கையில்

பி. ஜே. ஹோகன் எழுதி இயக்கி 1994-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய நகைச்சுவைத் திரைப்படம் ‘மியூரியல்ஸ் வெட்டிங்’. தந்தை உதவாக்கரை என்று ஏசும் மியூரியல் (டோனி கொலெட்), கல்யாணம் ஆனால்தான் தனக்கு மதிப்பு என்று நம்புகிறாள். சிட்னியில் மணப்பெண் உடைக் கடைகளில் பொய் சொல்லி, உடைகளை அணிந்து படமெடுத்துச் சேர்க்கிறாள். முதல் முறை பார்க்கும்போது இவை சிரிப்பூட்டும்.

மறுமுறை பார்க்கையில் கண் போவது அவளுடைய தாயின் (ஜீனி டிரைனன்) மீது. மகள் ஏங்கும் கல்யாணம் தாய்க்கு ஏற்கெனவே நடந்திருக்கிறது. அது அவளுக்கு எந்த மதிப்பையும் தரவில்லை. கணவனுக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு. திருமணத்தன்று தேவாலயத்தில் மியூரியல் தாயைக் கவனிக்காமலே கடந்து போகிறாள். அந்தத் தாயை நாமும் சிரிப்பினூடே கடந்து வந்திருக்கிறோம்.

தாயின் தற்கொலைக்குப் பிறகே மகள் விழித்துக்கொள்கிறாள். ஒருத்தியின் விடுதலைக்கு இன்னொருத்தியின் சாவைக் கருவியாக்கியது திரைக்கதையின் குறை. ஆயினும் கணவனை விட்டு, தோழி ரோண்டாவுடன் (ரேச்சல் கிரிஃபித்ஸ்) மியூரியல் ஊரைவிட்டுக் கிளம்பும் முடிவு இன்றும் வலுவானது. மாப்பிள்ளை இல்லாமலே இந்தக் கல்யாணப் படம் மகிழ்ச்சியாக முடிகிறது.