காலடியில் ஒரு மஞ்சள் கட்டம்

ஓசூர் சிப்காட்டில் வண்டிப் பாகங்களுக்கு முலாம் பூசும் பிளேட்டிங் பட்டறைக்குள் நுழைந்தால், முதலில் மூக்கில் ஏறுவது ஆசிட் நெடி. அடுத்துக் கண்ணில் படுவது, தொட்டிகளுக்கு நடுவே நடைபாதையாக விரித்த மஞ்சள் கட்டம்: எஃப்.ஆர்.பி. (இழை வலுவூட்டிய பிளாஸ்டிக்) கிரேட்டிங்.

இரும்புக் கிரேட்டிங் இந்த இடத்தில் பாவம். ஆசிட் ஆவி முதலில் அதன் துத்தநாகப் பூச்சைத் தின்னும், பிறகு இரும்பை. மேலே பெயின்ட் பளபளக்கும். அடியில் செதில் செதிலாக உதிரும். மிதிக்கிறவருக்குத் தெரியாது.

கண்ணாடி இழையை நெடுக்கும் குறுக்குமாக அச்சில் அடுக்கி, பிசின் ஊற்றி இறுக வைத்தால் பிறக்கிறது இந்த மஞ்சள் கட்டம். 38 மி.மீ. கண், 38 மி.மீ. தடிமன் என்பது பரவலான அளவு. இந்தப் பொருளின் அடர்த்தி எஃகில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, மின்சாரம் பாயாது. மேலே ஒட்டிய மணல் பரல், ஈரமான பூட்ஸையும் பிடித்து நிறுத்தும்.

குறையும் உண்டு. இரும்பைவிட வளையும், தாங்கிகளை நெருக்கி வைக்க வேண்டும். நெருப்புப் பயம் உள்ள இடத்துக்குத் தீத்தடுப்புப் பிசின் கேட்டு வாங்க வேண்டும். அறுத்த விளிம்பில் பிசின் பூசாமல் விட்டால், இழை வழியே ஆசிட் ஏறும். பொருத்தியவரின் கைநேர்த்தி தெரிவது அங்கேதான். அடுத்த முறை போகும்போது, குனிந்து அந்த விளிம்பைப் பாருங்கள்.